அவிழ்க்காமல் விட்ட வெள்ளைத் துணி

இன்று காலை மா சேன் வந்துவிட்டுப் போனாள். கையில் பழைய செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொட்டலம். "அவரோடது" என்று நீட்டினாள். பிரித்தேன். உன் சிவப்புத் துணி. துவைத்துக் காயவைத்துச் சின்னதாக மடித்திருந்தாள். அப்படியும் அதிலிருந்து சேற்று வாடையும் உன் சுருட்டு வாடையும் கிளம்பி வந்தன. நீ போய் ஐந்து மாதமாகிறது. வாடை மட்டும் போகவில்லை.

உன் மனைவி என்னை "ஆகோ" என்றுதான் கூப்பிடுவாள், பர்மாப் பேச்சில் அண்ணன் என்று. கொடுக்க வந்ததைக் கொடுத்துவிட்டுப் பேசாமல் போயிருக்கலாம். போகவில்லை. தேநீரைப் பாதி குடித்துவிட்டு, தனக்குத் தெரிந்த தமிழில் நிதானமாகச் சொன்னாள்.

"ஆகோ, துப்பாக்கி போனப்புறம் அவரு வீட்டுல இருக்கவே மாட்டேன்னுட்டாரு. போன குளிர்காலம் முழுக்க ஞாயித்துக்கிழமை தவறாம நீங்க அவரோட போயி உக்காந்தீங்களே, அதாலதான் தேறினாரு. நாங்க ரெண்டு பேரும்தான் போறோம், நீ கவலைப்படாதேன்னு சொல்லுவாரு. அதுக்கு நான் உங்களுக்கு ஒண்ணுமே செய்யல. இது உங்ககிட்டதான் இருக்கணும்."

போன குளிர்காலத்தில் ஒரு ஞாயிறுகூட நான் உன்னோடு உட்காரவில்லை. உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவளிடம் ஏன் அப்படிச் சொன்னாய்? தலையை ஆட்டினேன். வாசல் வரை போய் அவளை வழியனுப்பிவிட்டு வந்தேன்.

அதிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. வாசலுக்கும் ஜன்னலுக்குமாக நடக்கிறேன். துறைமுகத்தில் இன்று அரை நாள் வேலை, அதற்கும் போகவில்லை. "காலுல சக்கரமா கட்டியிருக்கு, ஒரு இடத்துல உக்காருங்களேன்" என்று என் வீட்டுக்காரி இரண்டு தடவை சொல்லிவிட்டாள். உட்கார ஒரு காரணம் வேண்டுமே என்றுதான் இதை எழுதுகிறேன். எழுதி யாருக்கு அனுப்பப் போகிறாய் என்று நீ கேட்பாய். கேட்டுக்கொள்.

நாம் பார்த்துக்கொண்டதே சண்டையில்தான். பசுண்டவுங் கால்வாயைச் சம்பான் படகில் தாண்டினால் தாகேதாக் கரை. அங்கே வயல் முடிந்து கோரை தொடங்குகிற இடம், மதகைத் தாண்டிப் போகிற அந்த ஒற்றை வரப்பு. எனக்கு அந்த இடம் வேறு யாருக்கும் தெரியாது என்று ஒரு நினைப்பு. கப்பல்காரன் ஒருவனிடம் வாங்கிய தூரக்கண்ணாடியை வைத்துக்கொண்டு, பழுப்புச் சட்டையில் கோரைக்குள் குந்தியிருந்தேன். தாமரை இலைமேல் இலைக்கோழி ஒன்று நடந்துகொண்டிருந்தது. வெடிச்சத்தம் கேட்டது. எனக்கு ஒரு கை தூரத்தில், தண்ணீரில், அரிசியை அள்ளி வீசியது போல ரவை விழுந்தது.

எழுந்து நின்று வாயில் வந்ததையெல்லாம் தமிழில் திட்டினேன். எதிரே நீ. கைலியை மடித்துக் கட்டி, தலையில் பர்மாக்காரர்கள் கட்டுகிற துண்டைக் கட்டி, வாயில் சுருட்டோடு. இவனுக்கு என்ன புரியப்போகிறது என்ற தைரியத்தில் உன் வம்சத்தையும் சேர்த்துத் திட்டினேன். நீ பொறுமையாகக் கேட்டுக்கொண்டு தமிழில் பதில் சொன்னாய்.

"கோரைக்குள்ள கோரை மாதிரி உக்காந்திருந்தா எனக்கு எப்படித் தெரியும்? எங்கப்பாவையும் திட்டிட்டே. அவரும் தமிழுதான்."

பிறகு இருவரும் வரப்பில் உட்கார்ந்தோம். நான்கு தீக்குச்சி கிழித்தும் உன்னால் சுருட்டைப் பற்றவைக்க முடியவில்லை. "ஒரு மனுசனைச் சுட்டிருப்பேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னாய். பறவையைச் சுடுகிறவன் என்று உன்னை எவ்வளவு வெறுக்க நினைத்திருந்தேனோ, அந்தத் தீக்குச்சிகளைப் பார்த்ததும் அது முடியாமல் போயிற்று.

மறு ஞாயிறு நான் போனபோது மதகுக்குப் பக்கத்தில் ஒரு மூங்கில் கம்பம் நட்டிருந்தாய். நெல்லாலையில் பிட்டர் வேலை பார்க்கிறவன் அல்லவா, புயலடித்தாலும் சாயாதபடி ஆழமாக இறக்கியிருந்தாய். துப்பாக்கிக்குச் சிவப்புத் துணி, கண்ணாடிக்கு வெள்ளைத் துணி. யார் முதலில் வருகிறானோ அவன் தன் துணியைக் கட்டிவிட்டு உள்ளே போக வேண்டும். துணி இருந்தால் உள்ளே ஆள் இருக்கிறான். அவன் வரும்வரை மற்றவன் நுழையக் கூடாது. வெளியே வருகிறபோது அவிழ்த்துவிட வேண்டும். சட்டம் அவ்வளவுதான்.

"கட்டுறது நம்ம பத்திரத்துக்கு. அவிழ்க்கிறது அடுத்த ஆளுக்காக. அதை மட்டும் மறந்துடாதே" என்றாய்.

நாம் இரண்டு பேர் போட்ட சட்டம் மெல்ல மற்றவர்களுக்கும் பரவியது. நம்மை ஏற்றிப்போகிற சிட்டகாங்குச் சம்பான்காரர், நாம் பாய் என்று கூப்பிடுவோமே, அவர்தான் துப்பாக்கியோடு ஏறுகிற ஒவ்வொருவரிடமும் மதகுக் கம்பத்தைப் பார்த்துவிட்டுப் போங்கள் என்று சொல்லத் தொடங்கினார். ஓர் ஆலையில் வேலை பார்த்த வெள்ளைக்கார இன்ஜினியர் ஒருவர் சிவப்புக் கைக்குட்டை கொண்டுவந்தார். டாலாவிலிருந்து வருகிற இரண்டு வேட்டைக்காரர்கள் மண்ணெண்ணெய்க் கடைப் பையைக் கிழித்துச் சாயம் போட்டுக்கொண்டு வந்தார்கள். யாரும் யாரையும் அதட்டவில்லை. துணியைப் பார்த்தால் நிற்பார்கள், இல்லாவிட்டால் போவார்கள்.

உன்னால் எனக்குத் தெரிந்தவை எத்தனை. தூரத்திலிருந்து பார்க்கிறவனுக்குப் பறவையின் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று எப்படித் தெரியும்? நீ கிளுவை வாத்தின் இரைப்பையைக் கிழித்துக் காட்டுவாய். இத்தனை நத்தை, இத்தனை காட்டு நெல் என்று நான் நோட்டில் எழுதுவேன். உள்ளானில் ஒன்றுபோல் இருக்கிற இரண்டு வகையை இறக்கையை விரித்துப் பிரித்துக் காட்டியவன் நீதான். பதிலுக்கு நான் இந்த வருஷம் எது குறைந்திருக்கிறது, எது எங்கே கூடு கட்டியிருக்கிறது என்று சொல்வேன். அங்கே நீ போகமாட்டாய். "முட்டை மேல உக்காந்திருக்கிறதைச் சுட்டுட்டா, அடுத்த வருசம் நான் எதைச் சுடுறது, உன்னையா?" என்பாய். அடிபட்டு விழுந்த ஒன்றைத் தேடி இடுப்பளவு சேற்றில் ஒரு மணி நேரம் அலைவாய். சாகாமல் துடிக்க விடுவது உனக்குப் பொறுக்காது.

நான் கறி தின்னாதவன் என்பதில் உனக்குத் தீராத கேலி. "கத்தரிக்காய்க்கு வக்காலத்து வாங்க ஒருத்தரும் இல்லை பாரு, பாவம்" என்பாய். என் வெற்றிலையும் உனக்கு ஆகாது. நான் துப்பிய இடத்தைக் காட்டி, "என் துணியே வேண்டாம், நீ துப்பி வச்சதைப் பார்த்தாலே சிவப்புன்னு நின்னுடுவாங்க" என்பாய்.

சிரிப்பேன். ஆனால் ஒன்று இன்று சொல்லிவிடுகிறேன். உள்ளுக்குள் நான் எப்போதும் உன்னைவிட ஒரு படி மேலே நின்றுகொண்டிருந்தேன். உன் கையில் துப்பாக்கி, என் கையில் கண்ணாடி. தப்பு செய்வதென்றால் அது நீயாகத்தான் இருக்க முடியும் என்று நினைத்திருந்தேன்.

போன குளிர்காலத்துக்கு முந்தின குளிர்காலத்தில் அந்தக் கொக்கு ஜோடி கண்ணில் பட்டது. ஆள் உயரம், சிவந்த தலை, சிவந்த கழுத்து. நீ ஜோஜா என்பாய். மழைக்காலத்தில் கோரை நடுவில் கூடு கட்டி, பனி இறங்கும்போது ஒரே ஒரு குஞ்சோடு உலாவின. நீதான் எனக்கு முதலில் காட்டினாய். ஜோஜாவைச் சுடுவது பாவம் என்று உன் அம்மா சொல்வார் என்றாய். "அது இருக்கிற பக்கம் வெடிச்சத்தமே வராது, நீ நிம்மதியா இரு" என்றாய்.

நான் நிம்மதியாக இருக்கவில்லை. உன் சொல் எனக்குப் போதவில்லை. வெடிச்சத்தத்தில் மிரண்டு குஞ்சை விட்டுவிட்டுப் போய்விட்டால்? அந்த மாதம் துறைமுகத்தில் கப்பல்கள் வரிசையாக நின்றன. ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்கு வரச் சொன்னார்கள். நான் போக முடியாத நாளில் நீ உள்ளே போவாய், கொக்கு போய்விடும். இதுதான் என் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் கால்வாயைத் தாண்டிப் போனேன். வெள்ளைத் துணியைக் கம்பத்தில் கட்டினேன். உள்ளே போகவில்லை. திரும்பி வந்துவிட்டேன்.

மறுநாள் முழுக்க அந்தத் துணி அங்கே ஆடிக்கொண்டிருந்தது. நீ விடியற்காலையில் துப்பாக்கியோடு வந்து, பார்த்து, திரும்பிப் போனாய். திங்கட்கிழமை ஆலைக்கு எதிர்த்த தேநீர்க் கடையில் என்னைப் பார்த்துச் சிரித்தாய். "நேத்து முந்திக்கிட்டே. எத்தனை மணிக்கு எழுந்திருச்சே?"

"நாலு மணிக்கு" என்றேன்.

நண்பனே, அந்த நாலு மணி இன்னும் என் நாக்கில் இருக்கிறது. ஒரு தடவை சொல்லி நிறுத்தவுமில்லை. ராத்திரி போய் அவிழ்த்துவிட்டு, அடுத்த சனிக்கிழமையும் கட்டினேன், அதற்கடுத்த வாரமும் கட்டினேன். மூன்று ஞாயிறு நீ வெறுங்கையோடு திரும்பினாய். "குஞ்சு எப்படி இருக்கு?" என்று கேட்டாய். பார்க்காத குஞ்சைப் பற்றிப் பார்த்தது போலச் சொன்னேன். நீ சந்தோஷப்பட்டாய். உன்னை மிரட்டியிருந்தாலும் கெஞ்சியிருந்தாலும் அது வேறு. உன் நேர்மையை வைத்தே உன்னை வெளியே நிறுத்தினேன்.

நாலாவது ஞாயிறு பருவம் தப்பிய மழை வந்தது. அன்று என்ன நடந்தது என்பதைப் பிறகு பாய் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

காலையில் நீ வந்தபோது வானம் மூடியிருந்தது. கம்பத்தில் என் துணி. திரும்பிப் போகாமல் கரைக் குடிசையில் ஒதுங்கினாய். நான் வெளியே வந்ததும் ஒரே சம்பானில் போய்விடலாம் என்று பாயிடம் சொன்னாயாம். மழை வலுத்தது. பௌர்ணமிக் கடலேற்றமும் சேர்ந்துகொண்டதால் கால்வாய்த் தண்ணீர் மதகைத் தாண்டி உள்ளே ஏறத் தொடங்கியது. மத்தியானம் ஆகியும் துணி அப்படியே இருந்தது. "நான் அவரை ஏத்திட்டு வரல, வேற சம்பான்ல வந்திருப்பாரு" என்று பாய் சொன்னார். "அவனுக்கு நீந்தத் தெரியாது" என்று சொல்லிவிட்டு நீ வரப்பில் இறங்கினாய்.

வரப்பு தெரியவில்லை. என் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டே போனாயாம். துப்பாக்கியை இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு மார்பளவு தண்ணீரில். சம்பானிலிருந்து பாய்க்கு உன் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. ஓர் இடத்தில் கேட்கவில்லை. பள்ளத்தில் கால் போய் நீ முழுகியிருக்கிறாய். மறுபடியும் தலை தெரிந்தபோது கையில் துப்பாக்கி இல்லை. அப்போதும் நீ திரும்பவில்லை. பெயரைக் கூப்பிட்டுக்கொண்டு இன்னும் உள்ளே போனாய்.

அந்த நேரத்தில் நான் வீட்டில் இருந்தேன். மழை என்று துறைமுக வேலையை நிறுத்திவிட்டார்கள். ஜன்னலோரம் உட்கார்ந்து சூடாக வடை தின்றுகொண்டிருந்தேன்.

சாயங்காலம் வாசலில் நிழல் தட்டியது. நீ நின்றாய். தலையிலிருந்து கால் வரை சேறு. தொடையில் அட்டை கடித்த இடத்தில் இரத்தம் ஓடிக்கொண்டிருந்தது. உலர்ந்த வேட்டியில் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தாய். என் முன்னால் இருந்த தட்டைப் பார்த்தாய். நான் எழுந்திருக்க மறந்துபோனேன்.

"இருக்கியா" என்றாய்.

என் வீட்டுக்காரி துண்டு கொண்டுவந்து நீட்டினாள். நீ வாங்கவில்லை. "துணி நனைஞ்சுபோச்சு. நான் அவிழ்த்துட்டேன்" என்றாய். கொஞ்ச நேரம் நின்றாய். நான் ஏதாவது சொல்வேன் என்று நின்றாயா? பிறகு எதற்கெடுத்தாலும் நீ சொல்கிற அந்தப் பர்மாச் சொல்லைச் சொன்னாய். "யாபாதே." பரவாயில்லை என்று. சொல்லிவிட்டு மழையில் இறங்கிப் போனாய்.

தொலைந்த துப்பாக்கிக்காகப் போலீஸில் விசாரித்தார்கள். சம்பானிலிருந்து தவறி விழுந்தது என்று எழுதிக் கொடுத்தாயாம். லைசென்ஸ் போயிற்று. என் பெயர் எங்கும் வரவில்லை. நான் தேநீர்க் கடைக்குப் போவதை நிறுத்திக்கொண்டேன். வேறு தெரு வழியாக வேலைக்குப் போனேன். இன்றைக்கு, நாளைக்கு என்று மன்னிப்பைத் தள்ளிப்போட்டேன். ஒரு மாதம் தள்ளிப்போட்டால் பிறகு அதைச் சொல்ல வாய் வருவதில்லை. வருஷம் ஓடிவிட்டது.

போன குளிர்காலம் தொடங்கியதும் துணிச்சலை வரவழைத்துக்கொண்டு தாகேதாக் கரைக்குப் போனேன். கம்பத்தில் சிவப்புத் துணி. நீ எப்படியோ இன்னொரு துப்பாக்கி வாங்கிவிட்டாய் என்று நினைத்தேன். சட்டப்படி திரும்பினேன். அடுத்த ஞாயிறும் சிவப்பு. அதற்கடுத்த ஞாயிறும். நான் எத்தனை சீக்கிரம் போனாலும் எனக்கு முன்னால் உன் துணி ஏறியிருந்தது. பழிக்குப் பழி என்று பட்டது. எனக்குக் கோபம்கூட வந்தது, பார்த்துக்கொள். என்ன யோக்கியதையில் வந்தது என்று தெரியவில்லை, வந்தது. மாவ்பிக்கு ரயிலேறிப் போய் அங்குள்ள குளங்களில் பறவை பார்த்தேன். ஒன்றிலும் மனம் ஒட்டவில்லை. நோட்டில் நான்கு வரி எழுதுவதற்குள் எழுந்து நடக்கத் தொடங்கிவிடுவேன்.

நான் அங்கே போன ஞாயிறுகளில் வேட்டுச் சத்தம் ஒன்றுகூடக் கேட்கவில்லையே என்று எனக்கு உறைக்க இரண்டு மாதமாயிற்று.

ஒரு ஞாயிறு கரைக் குடிசைக்குப் பின்னால் நின்று காத்திருந்தேன். மத்தியானம் நீ வரப்பில் வந்தாய். கையில் ஒன்றுமில்லை. துப்பாக்கி இல்லை, பறவை இல்லை. கம்பத்தடியில் நின்று துணியை அவிழ்த்து, உதறி, மடித்து இடுப்பில் செருகினாய். சம்பான் துறையை ஒரு தடவை நன்றாகப் பார்த்தாய். எனக்கும் உனக்கும் நடுவில் இருபது அடி இருக்கும். நான் வெளியே வரவில்லை. வந்திருந்தால் இன்றைக்கு இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

மழை பிடித்ததும் உனக்குக் காய்ச்சல் என்றார்கள். நாலே நாள். நான் கேள்விப்பட்டு ஓடி வந்தபோது வீட்டு வாசலில் ஆட்கள் கூடியிருந்தார்கள். எல்லோருக்கும் பின்னால் நின்றேன்.

இதுவரை எழுதிவிட்டு உன் துணியை மறுபடியும் எடுத்துப் பிரித்தேன். காலையில் மேல் மடிப்பைத்தான் பார்த்திருக்கிறேன். முழுக்க விரித்தபோது உள்ளேயிருந்து என் வெள்ளைத் துணி விழுந்தது. அன்றைக்கு நீ அவிழ்த்துக்கொண்டு போனது. சேற்றுக் கறை போகத் துவைத்து, ஓரம் கிழிந்த இடத்தைத் தைத்து வைத்திருந்தாய். தையலைப் பார்த்தாலே உன் கை என்று தெரிகிறது, அத்தனை கோணல்.

என்னை உள்ளே விடக் கூடாது என்றால் எதற்கு அதைத் தைத்தாய்? இதற்கு மேல் இந்த அறைக்குள் என்னால் நடக்க முடியாது. நாளைக்கு ஞாயிறு. போகப் போகிறேன்.

*

போய்விட்டு வந்தேன்.

பாய் பல மாதத்துக்குப் பிறகு என்னைப் பார்த்தார். துடுப்பைப் போட்டுக்கொண்டே, "அவரு போனதுக்கப்புறம் கம்பத்துல யாரும் ஒழுங்கா கட்டுறதில்ல. டாலா ஆளு ஒருத்தரு மட்டும் வந்து பாத்துட்டு நிப்பாரு" என்றார்.

கம்பம் வெறுமையாக இருந்தது. மழைக்கு அசையவில்லை. முதலில் உன் சிவப்பைக் கட்டினேன். பிறகு அதே கம்பத்தில் அதற்குக் கீழே என் வெள்ளையைக் கட்டினேன். இரண்டும் ஒன்றாக அதில் ஏறியது இதுதான் முதல் தடவை. சிவப்பைத் தாண்டி நான் உள்ளே போனதும் இதுதான் முதல் தடவை. வரப்பில் இருபது அடி வைப்பதற்குள் என் கால் இரண்டு முறை நின்றது, பழக்கம் அப்படி.

உள்ளே நீ உட்கார்ந்த இடத்தைத் தேட வேண்டியிருக்கவில்லை. வரப்பு முடிகிற மேட்டில் மூங்கிலால் ஒரு பரண் கட்டியிருந்தாய். உயரம் அதிகமில்லை, ஈரம் தொடாத அளவுக்கு. கோரையைக் கண் மட்டத்தில் வெட்டி ஜன்னல்போல ஒரு திறப்பு. இடப்பக்கக் காலில் பால் டப்பா ஒன்றை ஆணியடித்து மாட்டியிருந்தாய். அதில் சுருட்டுத் துண்டுகள், மழையில் ஊறி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு. கோரையில் நெருப்பு விழக் கூடாது என்று நீ எப்போதும் பார்ப்பாய்.

வலப்பக்கக் காலிலும் ஒரு டப்பா இருந்தது. மூடி போட்டது. திறந்தேன். அடியில் இரண்டு விரல் மணல். வேறொன்றும் இல்லை. ஒரு கறைகூட இல்லாத சுத்தமான மணல்.

நம் இரண்டு பேரில் வெற்றிலை போட்டுத் துப்புகிறவன் நான் ஒருவன்தான்.

பரணில் உட்கார்ந்தேன். வலப்பக்கம். அழுதேன், அதைச் சொல்ல என்ன வெட்கம். நீ மா சேனிடம் பொய் சொல்லவில்லை. நடக்கும் என்று நினைத்ததை முன்கூட்டிச் சொல்லியிருக்கிறாய். வேட்டுச் சத்தமே வராத சிவப்புத் துணியைப் பார்த்து, இது என்ன என்று கேட்க நான் ஒரு நாளாவது உள்ளே வருவேன் என்று நினைத்திருக்கிறாய். நானோ சட்டத்தை மதித்தேன். மதிக்க வேண்டிய நாளில் ஏமாற்றினேன், மீற வேண்டிய நாளில் மதித்தேன். அங்கேயே எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொன்னேன். நாலு மணி, குஞ்சு, வடை, எல்லாம். சொன்னதால் நிம்மதி வந்துவிட்டது என்று உன்னிடம் கதை விடமாட்டேன். வரவில்லை.

ஜோஜா ஜோடி இருக்கிறது. இந்த வருஷம் இரண்டு குஞ்சு. டாலா ஆட்களும் இன்ஜினியரும் போன குளிர்காலம் முழுக்க உன் சிவப்பைப் பார்த்துத் திரும்பிப் போயிருக்கிறார்கள். உள்ளே துப்பாக்கியே இல்லாத ஆள் உட்கார்ந்திருக்கிறான் என்று ஒருவருக்கும் தெரியாது. நோட்டில் எழுதினேன்.

வெயில் ஏறியபின் திரும்பினேன். மதகடியில் டாலா வேட்டைக்காரர் குந்தியிருந்தார். துப்பாக்கியை மடியில் குறுக்கே வைத்துக்கொண்டு, பக்கத்தில் வெறும் சோற்றுக் கிண்ணம். காலையிலிருந்து காத்திருக்கிறார் என்று தெரிந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்தார். எனக்குப் பின்னால் வரப்பை எட்டிப் பார்த்தார்.

"ரெண்டு துணி இருக்கே" என்று பர்மாப் பேச்சில் கேட்டார். "நீங்க ஒருத்தர்தான் வர்றீங்க. இன்னொருத்தர் உள்ள இருக்காரா? நான் போயிப் பாக்கட்டுமா?"

அவர் ஏற்கனவே கைலியைத் தூக்கிக் கட்டத் தொடங்கியிருந்தார்.

"இல்லை" என்றேன். "உள்ளே யாரும் இல்லை."

மூன்றே வார்த்தை. அந்த மழை நாளில் நீ தண்ணீரில் இறங்குவதற்கு முன்னால் யாராவது உன்னிடம் சொல்லியிருக்க வேண்டிய மூன்று வார்த்தை. சொல்லக்கூடியவன் நான் ஒருவன்தான் இருந்தேன்.

குஞ்சுகள் எந்தப் பக்கம் இருக்கின்றன என்று அவருக்குக் காட்டினேன். அந்தப் பக்கம் போகமாட்டேன் என்றார். அவர் சொல் எனக்குப் போதுமாக இருந்தது. வெள்ளையை அவிழ்த்தேன், சிவப்பை அவிழ்த்தேன். அவர் தன்னுடையதைக் கட்டிவிட்டு உள்ளே போனார்.

இரண்டு துணியும் இப்போது என் பையில் ஒன்றுக்குள் ஒன்றாக இருக்கின்றன. திரும்பி வரும்போது சம்பானிலிருந்து மூன்று தடவை எட்டிப் பார்த்தேன். கம்பத்தில் ஆடிக்கொண்டிருந்தது அவருடைய துணி மட்டும்தான்.